வெள்ளைக் கவசத்துக்கு என் அளவு

ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில், பஸ்ஸுக்கான சீட்டு, பம்பர் எல்லாம் ஃபைபரில் வார்க்கிற கம்பெனி ஒன்றில் என் கணவர் வேலை செய்துகொண்டிருந்தார். தொண்ணூற்றொன்றில் அந்தப் பக்கம் கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு ஷெட், அதைத் தாண்டினால் வேர்க்கடலைக் கொல்லை, அப்புறம் ஏரி, மறுபடி ஒரு ஷெட். நாங்கள் பிள்ளைப்பாக்கத்தில் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தோம். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அந்த வருஷத் தொடக்கத்தில் எனக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. உடம்பு சீக்கிரமே தேறியது. ஆனால் வெளியே போவதை நிறுத்திவிட்டேன். கடையிலோ குழாயடியிலோ யாரைப் பார்த்தாலும் முதலில் என் வயிற்றைப் பார்ப்பார்கள், பிறகுதான் முகத்தைப் பார்ப்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. என்னால்தான் தாங்க முடியவில்லை. ஷிப்டு முடிந்து வந்து அவரே தண்ணீர் பிடித்துவைப்பார். எங்களுக்குள் பேச்சும் குறைந்துபோனது. தொட்டால் எனக்கு வலிக்குமோ என்று பயந்தவர்போல, தட்டை வாங்கும்போதுகூட என் விரல் படாமல் வாங்குவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்துவந்தார். கேசட் ஒரு இங்கிலீஷ் படம். வானத்தில் கப்பல் பறக்கிறது, வெள்ளைக் கவசம் போட்ட சிப்பாய்கள் வரிசையாக இறங்குகிறார்கள். பேசுவது ஒன்றும் எங்களுக்குப் புரியவில்லை. அவர் சிப்பாய்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் ஃபைபர்தான். என்னால செய்ய முடியும்" என்றார்.

கம்பெனியில் குடும்ப விழா வரப்போகிறது, அதில் மாறுவேடப் போட்டி உண்டு, பெரியவர்களும் கலந்துகொள்ளலாம் என்று சொன்னார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். நிறுத்தினால் படம் நடுங்கும், குறுக்கே கோடு ஓடும். டிவி கண்ணாடிமேல் டிரேசிங் பேப்பரை ஒட்டிப் பென்சிலால் வரைந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் படம் நன்றாக வரும். மதியச் சோற்றை மறந்துவிட்டோம். டிவியைத் திருப்பிக் கொடுக்கப் போகிற நேரத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன்.

"ஏங்க, வலது தொடைத் தகடு சின்னதா கீது பாருங்க. இடதுல முட்டி வரைக்கும் வருது."

"ரெண்டும் ஒண்ணுதான். இதையெல்லாம் யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டனே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தக் காட்சிக்கே கேசட்டை ஓட்டி நிறுத்தினார். சிப்பாய் வலது காலை மடக்கி முட்டிபோட்டுச் சுடுகிறான். தகடு நீளமாக இருந்தால் முட்டி மடங்காது. "கரெக்டு" என்று சொல்லி, என் கையிலிருந்த பென்சிலை வாங்கி அவரே குறித்துக்கொண்டார்.

உடம்பின் வடிவத்தை எடுக்க ஒரு ஆள் வேண்டும். தன் உடம்பில் தானே பசை பூசிக்கொள்ள முடியாது என்றார். அதனால் நான் நின்றேன். பழைய புடவையை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் பேப்பரைக் கிழித்துக் கிழித்து மைதாப் பசையில் நனைத்து ஒட்டினார். முதலில் தோள், பிறகு முதுகு. வயிற்றுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"சில்லுனு இருக்கும்" என்றார்.

"பரவால்ல, ஒட்டுங்க."

உள்ளங்கையை அகல விரித்து மெதுவாக வைத்தார். பசை காயும்வரை நான் அசையக்கூடாது. ஜன்னலோரம் நின்ற என் முன்னால் உட்கார்ந்து, ஒரு பழைய அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார். எனக்கு மூக்கு அரித்தது. சொன்னேன். எழுந்து வந்து சொறிந்துவிட்டார். அதற்கு இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம், காய்ந்துகொண்டிருந்த பேப்பரில் விரிசல் விழுந்துவிட்டது. மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று.

காய்ந்ததைப் பக்கவாட்டில் வெட்டிக் கழற்றி, உள்ளே வைக்கோல் அடைத்தார். அதன்மேல் கம்பெனியில் கழித்த ஃபைபர் துணியையும் பிசினையும், மேனேஜரைக் கேட்டு வாங்கிவந்து பூசினார். வீடெல்லாம் பிசின் நாற்றம். இறுகியதைத் தகடு தகடாக அவர் வெட்டித் தர, நான் தினமும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். ஃபைபர் தூசு பட்டு கை அரித்தால், அவர் வந்து தேங்காயெண்ணெய் தடவிவிடுவார். தலைக் கவசத்துக்குக் கவிழ்த்த மண்பானைமேல் களிமண் அப்பி உருவம் எடுத்தார். கண்ணுக்கு முன்னால் கறுப்பு அக்ரிலிக் துண்டு ஒன்றை வளைத்துப் பொருத்தினார். அவருடைய பழைய பேன்ட்டையும் முழுக்கை பனியனையும் நான் கறுப்புச் சாயத்தில் முக்கினேன். மாதம் ஒன்றரை ஓடிப்போனது.

மார்புத் தகடு முடிந்ததும் போட்டுப் பார்த்தார். விலாவைத் தாண்டி இறங்கவில்லை.

"இதைப் போட வேற ஆளு இல்ல. நீதான்."

"நான் அங்க வரமாட்டேன்."

"நீ வர வேணாம்" என்றார். சுவரோரம் நிறுத்திவைத்திருந்த வெள்ளை உருவத்தைக் காட்டினார். "இவன் வரட்டும். உன் மூஞ்சிய யாரும் பாக்கப் போறதில்ல."

ஆரம்பத்திலேயே தெரிந்துதான் செய்தீர்களா என்று பல வருஷம் கழித்துக் கேட்டேன். "மோல்டு எடுக்குறவனுக்கு அளவு தெரியாதா?" என்றார்.

விழா அன்று கம்பெனிக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் எனக்குக் கவசத்தின் வார்களையெல்லாம் மாட்டிவிட்டார். தலைக் கவசத்தைப் போட்டதும் என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. கீழே பார்க்க முடியாது. முழங்கையைப் பிடித்து அவர்தான் நடத்திப் போனார். பந்தலுக்குள் நுழைந்ததும் ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். எங்கள் தெருவில் இருக்கிற ஒரு அக்கா, எனக்கு மிக அருகில் நின்று இன்னொருத்தியிடம், "அவரு சம்சாரம் வரல போல. பாவம்" என்றாள். உள்ளே நான் நின்றேன். யாரும் என் வயிற்றைப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தகடுதான் இருந்தது.

போட்டோ எடுக்கிறவர் வந்தார். ஒரு பெண் சட்டென்று தன் கைக்குழந்தையை என்னிடம் நீட்டினாள். "அண்ணே, கொஞ்சம் புடிங்க, ஒரு போட்டோ."

வாங்கிக்கொண்டேன். எட்டு மாதம் இருக்கும், பெண் குழந்தை. அழவில்லை. கண்ணுக்கு முன்னாலிருந்த கறுப்புத் துண்டில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தது, பிறகு நக்கியது. கைத்தகடு இருந்ததால் அதன் உடம்புச் சூடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் மார்புத் தகட்டுக்கும் வயிற்றுத் தகட்டுக்கும் நடுவே வெறும் துணி மட்டும் இருக்கிற இடத்தில் அதன் குதிகால் வந்து இடித்தது. அது மட்டும் தெரிந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்க வழியில்லை. மூச்சுப் பட்டு எதிரே எல்லாம் மங்கிப்போனது.

போட்டோ எடுத்து முடிந்து அந்தப் பெண் கை நீட்டினாள். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா" என்று என் கணவர் சொல்வது கேட்டது. அவள் சிரித்துக்கொண்டே பலகாரம் வாங்கப் போனாள்.

முதல் பரிசு கிருஷ்ணர் வேஷம் போட்ட குழந்தைக்கு. எங்களுக்கு மூன்றாவது, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். நடுவர் ஒருவர், "தீயணைப்பு வீரர்தானே?" என்று கேட்டார். என் கணவர் மறுக்கவில்லை. மேடையில் முகத்தைக் காட்டச் சொன்னார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "வேணாம்னா சொல்லிடறேன்" என்றார். நானே கழற்றினேன். தலையெல்லாம் வேர்வை, கண் சிவந்து கிடந்தது. தெருக்காரி அக்கா மேடைக்கருகில் ஓடிவந்தாள். "நீயா கண்ணு" என்று என் கன்னத்தைத் துடைத்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் கவசத்தை இரண்டு கோணியில் கட்டி சைக்கிளில் ஏற்றினோம். எனக்கு உட்கார இடமில்லை. ஏரிக்கரையோரம் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, நான் பக்கத்தில் நடந்தேன்.

"நம்மளுது பொண்ணுன்னுதான் நான் நெனச்சினு இருந்தேன்" என்றேன். அதுவரை அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் சைக்கிளை நிறுத்தி, கோணியின் கயிற்றை இறுக்கினார்.

"நானும்தான்" என்றார். "பேருகூட வெச்சிருந்தேன்."

என்ன பேர் என்று கேட்டேன். சொன்னார்.