கரண்டு வராத சூளை

காலை ஏழு மணிக்கு ஓவிய அறையைத் திறந்ததும் ரோசரி டீச்சர் விளக்கைப் போடமாட்டார். நேராக மூலையில் இருக்கும், களிமண் சுடுகிற மின்சூளையிடம் போவார். அதன் கதவைச் சுற்றிய பிளாஸ்டிக் உறை, வந்திறங்கிய நாளில் இருந்தபடியே இருந்தது. வலது ஓரத்தில் ஒட்டிய டேப் மட்டும் பசை போய் நுனி சுருண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். விரலை எடுத்ததும் டேப் மெல்ல எழும்பிக்கொள்ளும். அதைப் பார்க்காதவர்போலச் சூளையின் தலைமேல் கைப்பையையும் காப்பி ஃபிளாஸ்க்கையும் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் விளக்கைப் போடுவார்.

ஈப்போவில் உள்ள அந்த இடைநிலைப்பள்ளியில் நான் தற்காலிக வரலாற்று ஆசிரியனாகச் சேர்ந்தபோது ஆசிரியர் அறையில் மேசை காலியில்லை. ஓவிய அறையின் பின்ஜன்னல் ஓரமாக ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். அதனால் ஒன்றரை வருடம் ஓவிய வகுப்பை முதுகுப்பக்கம் இருந்து பார்த்தேன். பாடப்புத்தகத்துக்கு அடியில் கவிதைப் புத்தகம் வைத்துப் படிப்பேன். ஒருநாள் டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டார்.

“என்ன தம்பி, குட்டி குட்டியா நாலு வரி போட்டு மிச்சத்த வெள்ளையா விட்டிருக்கான். பேப்பர் வேஸ்ட் லா.”

சூளையைப் பற்றிக் கேட்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

“இது எப்ப வந்துச்சு டீச்சர்?”

“கேரன் ஒன்னாம் வகுப்புல இருக்கறப்ப.”

கேரன் அவருடைய மகள். இப்போது சிங்கப்பூரில் நர்ஸ்.

அந்தச் சூளை ஓடுவதற்குத் தனி மின்னிணைப்பு வேண்டும். த்ரீ ஃபேஸ் என்பார்கள். ஓவிய அறைக்கு வந்ததோ விளக்கு எரியவும் விசிறி சுற்றவும் போதுமான சாதாரண லைன். சூளையை அனுப்பியவர்கள் அறையைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் டீச்சர் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதுவார். ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று பதில் வரும். பதில்களைப் போட்டு வைத்த கோப்பு, ரப்பர் பேண்டு போட்டால்தான் மூடும் அளவுக்குத் தடித்திருந்தது.

அவர் ஓவியம் படித்தவர் அல்ல. காம்பாருக்குப் போகிற வழியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்; அங்கே இப்போது வாசலில் தடுப்புக் கம்பி போட்ட வீடமைப்புப் பகுதி இருக்கிறது. பயிற்சிக் கல்லூரியில் எடுத்தது புவியியல். முன்பிருந்த ஓவிய ஆசிரியர் மாற்றலாகிப் போனபோது, ஒரு வருடத்துக்கு மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம். அது நடந்து பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. இன்றும் அவர் கரும்பலகையில் முகம் வரைந்தால் கன்னத்துக்கும் மூக்குக்கும் நில வரைபடத்தில் மலைக்குப் போடுகிற வளைகோடுகள் வந்துவிடும். “டீச்சர், இந்த ஆளு கேமரன் மலைக்குப் பக்கத்து ஊரா?” என்று பையன்கள் கேட்பார்கள். “ஆமா, நீ அதுல வழுக்கி விழுந்துறாத” என்பார்.

“அப்பவே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே டீச்சர்?” என்று நான் கேட்டேன்.

“சொல்லத் தெரிஞ்சா நான் ஏன் தம்பி இங்க உக்காந்திருக்கேன்?”

நான் சேர்ந்த வருடம் பிப்ரவரியில் வந்த பதில் வேறாக இருந்தது. மே மாதத்துக்குள் இணைப்பு தரப்படும் என்று போட்டிருந்தது. டீச்சர் மூன்று முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“நீ மலாய் நல்லாப் படிப்ப. இது வரும்னுதான போட்டிருக்கு?”

படித்துப் பார்த்தேன். “வரும்னுதான் டீச்சர்.”

மறுநாள், பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில், எஸ்.பி.எம். பரீட்சையின் ஓவியச் செய்முறைத் திட்டத்துக்கு வேண்டுமானால் செராமிக் எடுக்கலாம் என்று அறிவித்தார். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. ஆஃப்ஷீன். ஜெலாப்பாங்கில் உணவுக்கடை வைத்திருக்கும் அப்துல் ஹலீமின் மகள். கல்லூரியில் செராமிக் டிப்ளோமா படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அதற்கு ஓவியப் பாடத்தில் கிரெடிட் வேண்டும். கிரெடிட்டுக்கு இந்தத் திட்டம் தேற வேண்டும். செராமிக் என்று பதிந்துவிட்டால் மண்ணைச் சுட்டே ஆக வேண்டும்.

அவள் கருப்பொருளாக எடுத்துக்கொண்டது, பரோட்டா போல வீசிப் போடுகிற ரொட்டி சானாயின் மாவுருண்டை. கடையில் மாவு பிசைகிற ஆறு பேரும் அவளுடைய அத்தா அப்துல் ஹலீமுமாக ஏழு பேரையும் களிமண்ணை உருட்டச் சொன்னாள். ஒவ்வொருவரும் வழக்கம்போல் உருட்டி, கடைசியில் விரலால் ஒரு அமுக்கு அமுக்கினார்கள். அந்த விரல் தடங்களைக் கெடுக்காமல், ஒவ்வொரு உருண்டையையும் இரண்டாக அறுத்து, உள்ளே குடைந்து, மறுபடி ஒட்டினாள். காற்றுப் போக ஊசித்துளை போட்டாள். கடைத் தட்டில் எண்ணெய் பூசி வைத்த மாவைப் போலவே இருந்தன. டீச்சர் அவற்றைத் தொடப் பயந்தார்.

ஏப்ரலில் ஒரு கன்ட்ராக்டர் வந்தார். சுவரை அளந்தார், பென்சிலால் ஒரு குறி போட்டார், போய்விட்டார். மே போனது. ஜூனில், செராமிக்கை விட்டு வேறு பிரிவுக்கு மாறிக்கொள்வதற்கான கடைசித் தேதி வந்தது. டீச்சர் கன்ட்ராக்டருக்குப் போன் செய்தார். “அடுத்த வாரம் லா, கன்ஃபார்ம்” என்று பதில் வந்தது. செராமிக் என்றே விட்டுவிட்டார். ஆகஸ்டில் அந்த எண் இயங்கவில்லை. லகாட்டில் ஒரு கூரை ஓட்டுத் தொழிற்சாலையில் கேட்டார். வெளிச் சாமான் எடுக்கமாட்டோம் என்றார்கள். கோலகங்சார் பக்கம் சட்டி சுடுகிற ஒருவர் ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் அடுத்துச் சூளை மூட்டும் நாள், மதிப்பீட்டாளர் வந்து போன பிறகு வந்தது.

மதிப்பீட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அப்துல் ஹலீம் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

“டீச்சர், நம்ம கடையில நான்-ரொட்டி சுடுற தந்தூரி அடுப்பு இருக்கு. கைய விட்டா முடி பொசுங்கிரும். அதுல வச்சுப் பாப்பமா?”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஞாயிறு மதியச் சாப்பாட்டுக் கூட்டம் குறைந்த பிறகு, மூன்று மணிக்கு, ஏழு உருண்டைகளும் அடுப்புக்குள் போயின. முதலில் சின்னத் தணல், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரி என்று டீச்சர் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அடுப்புக்காரர் பிச்சைமுத்து அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“பதினாலு வருசமா ரொட்டி சுடுறேன் டீச்சர். மண்ணு சுடச் சொல்லி ஆர்டர் வந்தது இதான் மொத தடவ.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். “என்னண்ணே, புது ஐட்டமா?”

“ஆமா. பல்லு ஸ்ட்ராங்கா இருந்தா வீட்டுக்குத் தப்பாவ் கட்டித் தாரேன்.”

நாலரை மணிக்கு உள்ளே ‘டப்’ என்றது. ஆஃப்ஷீன் முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டாள். பிச்சைமுத்து இடுக்கியால் கிளறினார்.

“மொதலாளி உருண்டதான். எனக்குத் தெரியும், இந்தக் கடையில மொத வெடிக்கிறது அவரு மண்டதான்.”

எல்லாரும் சிரித்தோம். அப்துல் ஹலீம்தான் அதிகம் சிரித்தார். அடுத்து இரண்டு வெடித்தன. அப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆறரைக்கு வெளியே எடுத்தபோது நான்கு முழுசாக இருந்தன. கரி ஏறிக் கறுத்து, எனக்கு அழகாகவே தெரிந்தன. ஆஃப்ஷீன் ஒன்றைத் துணியில் ஏந்திக்கொண்டு, “டீச்சர், சுட்டாச்சு” என்றாள். டீச்சர் தலையை ஆட்டினார்.

திங்கட்கிழமை காலை, வகுப்பு வரும் முன்னால், டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூப் பொட்டலத்தை எடுத்தார். வெடித்த உருண்டையின் ஒரு சில்லு. தூரிகை கழுவுகிற டின்னில் நல்ல தண்ணீர் பிடித்து அதைப் போட்டார். என்னைக் கூப்பிடவில்லை. நானே போய்ப் பக்கத்தில் நின்றேன். முதலில் குமிழிகள் வந்தன. பிறகு ஓரங்கள் மாவாக உதிர்ந்தன. பள்ளிக்கூட மணி அடிக்கும்போது டின்னின் அடியில் கொஞ்சம் சேறுதான் இருந்தது.

“வேகல” என்றார் டீச்சர். “அந்தச் சூடு பத்தல. இது இன்னும் பச்ச மண்ணுதான்.”

“ஆஃப்ஷீன்கிட்ட சொல்லணுமா டீச்சர்?”

“சொன்னா இந்த எட்டு நாள்ல அவ என்ன செய்வா? சொல்லு பாப்போம்.”

நான் டின்னை எடுத்து நீட்டினேன்.

“நாந்தான் எடுக்கச் சொன்னேன். அந்தப் புள்ள கேக்கவேயில்ல” என்றார். டின்னை அலசிக் கவிழ்த்து வைத்தார். அன்று வகுப்பில் யாரையும் திட்டவில்லை. பையன்கள் அதற்கே பயந்துபோனார்கள்.

மதிப்பீட்டாளர் வேறு பள்ளியில் ஓவியம் சொல்லிக் கொடுக்கிற மலாய்க்காரர். ஐம்பது வயதிருக்கும். ஒவ்வொரு மாணவரும் வேலைக் குறிப்புகளைத் தொகுத்து வைத்த ஃபோலியோவையும் பொறுமையாகப் புரட்டி, பக்கத்துக்குப் பக்கம் பச்சை மையில் சுருக்கொப்பம் போட்டார். ஆஃப்ஷீனின் ஃபோலியோவைக் கடைசிப் பக்கம் வரை படித்து மூடினார். பிறகு ஓர் உருண்டையைக் கையில் எடுத்து நகத்தால் தட்டினார். சுட்ட மண்ணாக இருந்தால் கணீரென்று கேட்டிருக்கும். ‘டொக்’ என்றது.

“டீச்சர், கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?” என்று மலாயில் கேட்டார்.

வாசலில் ஆஃப்ஷீன் நின்றுகொண்டிருந்தாள். நான் என் மேசையில் எதையோ திருத்துகிற பாவனையில் குனிந்துகொண்டேன். டீச்சர் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். மதிப்பீட்டாளர் ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் உருண்டையுமாகக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

“வெயில் அதிகம்” என்றார். போகும்போது மூலையில் இருந்த சூளையைப் பார்த்து நின்றார். “எங்கள் பள்ளியிலும் ஒன்று இருக்கிறது. பரீட்சைத் தாள்களை அதற்குள் வைக்கிறோம். கரையான் வருவதில்லை.”

டீச்சர் சிரிக்க முயன்றார்.

எஸ்.பி.எம். முடிவு வந்தபோது ஆஃப்ஷீனுக்கு ஓவியத்தில் டி. கிரெடிட்டுக்கு ஒரு படி கீழே. எழுத்துத் தாளில் போனதா, திட்டத்தில் போனதா என்று யாராலும் சொல்ல முடியாது, பிரித்துச் சொல்லமாட்டார்கள். அன்று மதியம் அவள் ஒரு பொட்டலத்தில் நான்-ரொட்டியும் பருப்புக் கறியும் கொண்டுவந்தாள்.

“அலாமாக் டீச்சர், ஏன் இப்படி மூஞ்சிய வச்சிருக்கீங்க? அக்கவுண்டிங் படிக்க எடம் கெடச்சிருக்கு. போறேன். அத்தாவுக்கும் கடையில ஆள் வேணும்ல.”

“நீ சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார் டீச்சர். அவள் போன பிறகு அந்தப் பொட்டலம் பிரிக்கப்படாமல் மாலை வரை இருந்தது.

என் ஒப்பந்தம் முடிகிற வாரத்தில், பழைய ஃபோலியோக்களைக் கட்டி ஸ்டோரில் வைக்கச் சொன்னார்கள். ஆஃப்ஷீனுடையது கைக்கு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் ரோசரி டீச்சரின் சிவப்புக் கையெழுத்து இருந்தது. கடைசிப் பக்கத்தில் மட்டும் இல்லை. மதிப்பீடு நடந்த அன்று காலையில் செருகியது போலிருக்கிறது. தேதி அன்றையது. மலாயில் நான்கு வரி எழுதியிருந்தாள்:

‘என் படைப்பு செராமிக் ஆகவில்லை. உடைந்த துண்டு ஒன்றை வீட்டில் தண்ணீரில் போட்டேன். பதினொரு நிமிடத்தில் கரைந்துவிட்டது. என் ஆசிரியருக்கு இது தெரியாது. அவரிடம் சொல்ல வேண்டாம்.’

அதற்குக் கீழே, பச்சை மையில், மதிப்பீட்டாளரின் சுருக்கொப்பம் இருந்தது.