கையெழுத்து வைத்த பத்துப் புத்தகங்கள்

சச்சிதானந்தனுக்குக் குலசிங்கத்தார் அறுநூறு டொலர் கடன். முதல் சீட்டையே எடுத்து வெக்ஸ்போர்டில் மரக்கறிக் கடை போட்டவர், பிறகு இரண்டு மாதக் காசு கட்டத் தவறிவிட்டார். சீட்டுப் பிடிக்கிற சச்சிதானந்தன் தன் கையிலிருந்து போட்டுச் சமாளித்தவர், இப்போது கெடு வைத்தார்.

"ஞாயிறு பின்னேரம் வாறன். காசு இல்லையெண்டால் சீட்டுக்காரர் எல்லாருக்கும் சொல்லிப்போடுவன்."

ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, உணவகத்தில் கோப்பை கழுவி, முதலாளியான மனிதர் குலசிங்கத்தார். அந்தத் தெருவில் அப்படி இன்னொருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம்! அப்படிப்பட்டவருக்கே அந்தக் கிழமை சோறு இறங்கவில்லை. கடைச் சில்லறையை விட்டால் கையில் இருந்தது முந்நூறுதான்.

மகள் நிரூபாதான் வழி சொன்னாள். மந்திரவாதிக் கதைகள் எழுதி, அவற்றைத் தானே படமாகவும் எடுக்கிற ஓர் அமெரிக்கர் டவுன்ரவுன் புத்தகக் கடைக்கு வருகிறாராம்.

"ஸ்கூல்ல எல்லாருக்கும் அவரெண்டால் பைத்தியம் அப்பா. புக் தேர்ட்டி டொலர். அவர் சைன் பண்ணினால் சிக்ஸ்டிக்குப் போகும்."

முந்நூறுக்கும் பத்துப் புத்தகம் வாங்கி, ஞாயிறு விடிய இருவரும் கியூவில் நின்றார்கள். கதையில் வருகிறவர்களைப் போலப் பச்சைப் போர்வையும் மரவாளுமாகச் சனம் தெருமுனை தாண்டி நின்றது. அதைப் பார்த்தவர் மகளின் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு பேரும் சைன் வாங்கினால் என்ர புத்தகத்தை ஆர் வாங்குறது?"

அவருடைய முறை வந்தது. எழுத்தாளர் சிரித்தபடி பெயர் கேட்டார். இவர் வேலுப்பிள்ளை குலசிங்கம் என்று எழுத்தெழுத்தாகச் சொன்னார். பத்திலும் அந்தப் பெயர் ஏறியது. உள்ளே ஒவ்வொருவராகத்தான் விட்டதால் வாசலில் நின்ற நிரூபா திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"ஐயோ அப்பா! எல்லாத்திலயும் 'டு குலசிங்கம்'! ஆர் வாங்குவினம்?"

"பெரிய மனிசன் பேர் கேட்டால் சொல்லாமல் நிக்கிறதே?"

வெளியே முதலில் விலை கேட்ட ஆள் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். இருந்த முந்நூறும் போச்சு.

அப்போதுதான் புத்தகக் கடைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். எழுத்தாளருக்கு விமானத்துக்கு நேரமாம். பாதிச் சனம் வெளியே ஏமாந்து நின்றது. தொலைவிலுள்ள கிங்ஸ்டனிலிருந்து காரில் வந்திருந்த ஒருத்தி அவர்களிடம் ஓடி வந்தாள். யார் பெயர் இருந்தால் என்ன, கையெழுத்து அவருடையதுதானே, ஐம்பது தரட்டுமா என்றாள்.

"என்ர பேர் கிடக்கெண்டு ஒரு சதமும் குறைக்க மாட்டன், இங்கிலிசில சொல்லு பிள்ளை!"

அவள் சிரித்துக்கொண்டே அறுபது கொடுத்தாள். பின்னால் மற்றவர்களும் மொய்த்தார்கள். ஒன்பது போயிற்று. பத்தாவதை நிரூபா நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இது எனக்கு அப்பா."

அறுபது துண்டு விழும். அவர் வாயைத் திறந்தார். குளிரில் சிவந்திருந்த அவள் மூக்கைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

கடைக்குத் திரும்பியபோது சச்சிதானந்தன் வாசலில் நின்றார். தாள்களை ஒரு கையில் பிடித்தபடி குலசிங்கத்தார் மிச்ச அறுபதுக்குக் கல்லாப்பெட்டிச் சில்லறையைக் கவிழ்த்தார்.

"என்ன காணும், கோயில் உண்டியலை உடைச்சனீரே?"

"கதையாமல் கையை நீட்டும்!"

நீட்டிய உள்ளங்கையில் முதலில் தாள்களை எண்ணி வைத்தார். அதன் மேல் டொலர் நாணயக் குத்திகளை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, அறுநூறு வரும்வரை அடுக்கினார்.