மேசைக்கு வராத மச்சான்மார்

அண்ணா போத்தலால் அத்தானின் புருவத்தில் அடித்த நொடியில்தான் எனக்கு இந்த யோசனை வந்தது.

ரெய்னர்ஸ் லேனில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம், மத்தியான நேரம். மண்டபத்துக்குள் பெண்கள், பிள்ளைகள், கேக், காது கிழியும் பாட்டு. ஆண்கள் வழக்கம்போல வெளியே கார் நிறுத்துமிடத்தில், யாரோ ஒருவருடைய காரின் டிக்கியைத் திறந்துவைத்து, அதைச் சுற்றி நின்று விஸ்கி குடித்துக்கொண்டிருந்தார்கள். லண்டன் முழுக்க எங்கள் ஆட்களின் விசேஷங்களில் இதுதான் முறை. பிளாஸ்டிக் கப், ஒரு மிக்சர் பை, நின்றபடி, அவசரம் அவசரமாக. பெரியவர்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தால் டிக்கியைச் சாத்திவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள்.

நான் அண்ணாவைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். அக்காவின் கணவர், என் அத்தான், சொல்லிக்கொண்டிருந்தார்: "கலியாணம் குழம்பினவனுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோடா. பாவம், கவலை ஆறட்டும்."

அண்ணாவுக்குப் பேசியிருந்த கலியாணம் அப்போதுதான் குழம்பியிருந்தது. போத்தல் அவன் கையில் இருந்தது. சத்தம் நான் நினைத்ததைவிடச் சிறியது. அத்தான் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தார். நிமிரும்போது தலையால் அண்ணாவின் வாயில் இடித்தார். பல்லும் ரத்தமும் விஸ்கியுமாக இருவரும் தார் தரையில் உருண்டார்கள். பிரித்துவிட வந்த ஒருவருக்கும் ஒரு குத்து.

கண்ணாடித் துண்டுகளின் மேல் நின்றுகொண்டு நான் யோசித்தேன்: இவர்கள் ஒருநாளும் உட்கார்ந்து குடித்ததில்லையே. வெளிச்சத்தில், மேசையில், நல்ல சாப்பாட்டோடு, பெண்களும் பக்கத்தில் இருக்க, ஒரு கிளாசை மெல்ல மெல்ல முடித்திருந்தால் இந்த அடி விழுந்திருக்குமா?

எனக்கு யோசனை வந்தால் நித்திரை வராது. பகலில் ஒரு அலுவலகத்தில் எண்களோடு மாரடிக்கிறேன்; வாரத்தில் ஒரு மாலை வைன் வகுப்புக்குப் போகிறேன். எந்த மண்ணில் எந்தத் திராட்சை, எந்த மீனோடு எந்த வைன் என்பதெல்லாம் எனக்குப் பைத்தியம். அந்தப் பைத்தியத்தைக் குடும்பத்துக்கு உபயோகப்படுத்த ஒரு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

வழி தேவையாகவும் இருந்தது. அக்கா அப்போது முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். பிள்ளை பிறந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் கையால் பத்தியக் கறி சாப்பிட்டு, உடம்பு தேறிப் போவதென்பது பேசி முடித்திருந்த விஷயம். தையல் போட்ட புருவத்தோடு அத்தான் ஒரு சத்தியம் செய்தார்: அந்த வீட்டு வாசலை இனி நாங்கள் மிதிக்க மாட்டோம். வீங்கிய வாயோடு அண்ணா இன்னொரு சத்தியம் செய்தான்: அவன் வந்தால் நான் இருக்க மாட்டேன். அம்மா இரண்டு சத்தியங்களையும் கேட்டுவிட்டு, வாங்கி வைத்திருந்த பத்தியச் சரக்கைப் பரணில் தூக்கிப் போட்டாள்.

என் வைன் பரீட்சை முடிவு வந்தது. பாஸ். கடைக்குட்டிக்குப் பரிசு கேட்க உரிமை இருக்கிறது. சனிக்கிழமை பிரைட்டன் கடற்கரை, ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பின்னால் சசெக்ஸ் குன்றுகளில் ஒரு திராட்சைத் தோட்டம், எல்லோரும் என்னோடு வரவேண்டும், என் செலவில் என்றேன்.

"பொம்பிளைப் பிள்ளை குடிக்கிறதுக்கும் சேர்ட்டிபிக்கட் குடுக்கினமோ?" என்று போனில் அத்தான் சிரித்தார். "சரி குஞ்சு, உனக்காக வாறன். ஆனா அவனோட ஒரு சொல்லும் கதைக்க மாட்டன்."

அண்ணா இவ்வளவுதான் சொன்னான்: "சாப்பிட வாறன். அவன்ர மூஞ்சையைப் பாக்க வரேல்லை."

அண்ணாவும் நானும் ரயிலில் போனோம். அத்தானும் அக்காவும் காரில் வந்தார்கள். அன்று கடல் யாரையோ அடித்துக்கொல்ல வந்ததுபோல இருந்தது. பிரைட்டனில் மணல் கிடையாது, கூழாங்கல்தான். ஒவ்வொரு அலையும் கல்லை அள்ளிக் கரையில் எறிந்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி இழுத்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒடுங்கிய சந்துகளுக்குள் மூவரையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு சின்னக் கடையில் சிப்பி சாப்பிட்டோம். கடைக்காரர் குத்துக்கத்தியைச் சிப்பியின் மூட்டில் செருகித் திருகும்போது அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உயிரோடு இருக்கும் சிப்பி, எலுமிச்சைச் சாறு பட்டதும் ஓரம் சுருங்கியது. கடலை அப்படியே விழுங்குவதுபோல ஒரு உப்பு, பின்னால் ஒரு இனிப்பு. அண்ணா அடுத்தடுத்து விழுங்கினான். அக்காவுக்குப் பச்சையாக எதுவும் கூடாது. பொரித்த மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு கரைக்கு வந்தோம்.

அத்தான் மீனை வாய்க்குக் கொண்டுபோகும்போது கடற்புறா வந்தது. வந்தது என்பது சரியில்லை, விழுந்தது. செட்டையால் கன்னத்தில் ஒரு அறை, அலகால் உதட்டில் ஒரு கொத்து, மீன் போய்விட்டது. அத்தானின் உதட்டிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டியது.

அண்ணா எட்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தான். கடலைப் பார்த்தபடியே சொன்னான்: "பறவைக்கும் ஆளை விளங்கியிருக்கு."

அத்தான் ஒரு கூழாங்கல்லை எடுத்தார். கடற்புறா அதற்குள் தூரத்தில் போய்விட்டது. கல் அண்ணாவின் காலடியில் வந்து வெடித்தது.

"பறவைக்கு எறிஞ்சனான்" என்றார் அத்தான்.

"பறவை மேலை போனது, மச்சான்."

அக்கா தன் சிப்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் தின்னுறன். ரெண்டு பேரும் பொத்துங்கோ." பொத்தினார்கள். ஆனாலும் எனக்குச் சந்தோஷம்தான். மச்சான் என்று கூப்பிட்டுவிட்டானே!

மறுநாள் அத்தானின் பழைய காரில் நால்வரும் குன்றேறினோம். வெள்ளைச் சுண்ணாம்பு மண், அதன்மேல் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி, குலைகள் பழுத்துத் தொங்கும் பருவம். தோட்டத்தின் நடுவே மரமேசை. தோட்டத்துப் பெண் நுரைக்கும் வைனை ஊற்றினாள். அதன் புளிப்பு நெல்லிக்காயைக் கடித்த மாதிரி நாக்கின் இரண்டு கரையையும் வெட்டும். பிறகு ரொட்டி வாட்டும் வாசம் வரும். உள்ளூர்ப் பாலாடைக்கட்டி, புகையில் வாட்டிய மீன், கறுப்பு ரொட்டி. அக்காவுக்குத் திராட்சைச் சாறு. நான்தான் திரும்ப ஓட்டவேண்டும் என்பதால் ருசி பார்த்துவிட்டு வாளியில் துப்பினேன்.

"காசு குடுத்து வாங்கித் துப்புறியே, உனக்கு விசரோ?" என்றான் அண்ணா.

"அதுதான் படிச்சவையின்ர குடி" என்றார் அத்தான்.

இருவரும் ஒரே பகிடிக்குச் சிரித்துவிட்டார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். அந்த ஒரு நிமிடம் என் யோசனை வேலை செய்தது.

அப்போது வெடித்தது.

குருவிகளை விரட்டத் தோட்டத்தில் எரிவாயுத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார்கள். தானாகவே நேரத்துக்கு வெடிக்கும்; குண்டு கிடையாது, சத்தம் மட்டும். எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சத்தம் நெஞ்சுக்குள் வந்து இடித்தது. நான் கிளாசை விட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது முன்னால் இரண்டு கதிரைகளும் காலி. மேசைக்குக் கீழே தொம்மென்று ஒரு ஓசை. அண்ணாவும் அத்தானும் ஒரே நேரத்தில் பாய்ந்து, மண்டையும் மண்டையும் மோதி, முழங்காலில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இங்கே பிறந்தவள். அவர்கள் இருவரும் ஊரில் யுத்தத்துக்குள்ளிருந்து வந்தவர்கள்.

தோட்டத்துப் பெண் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். இருவரும் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. அத்தான் காரில் ஏதோ எடுக்கவேண்டும் என்று போனார். கொஞ்சம் பொறுத்து அண்ணாவும் எழுந்து போனான்.

"சேந்து போகினம், பாத்தியா?" என்றேன்.

"எடி, டிக்கிக்குப் போகினம்" என்றாள் அக்கா.

அவள் சொன்னது சரி. அத்தான் ஸ்பேர் டயருக்குள் விஸ்கிப் போத்தலை ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். அண்ணாவின் பையில் தனியாக ஒரு சின்னப் போத்தல். இந்த நாட்டின் நல்ல வைன் மேசையில் நுரைத்துக்கொண்டிருக்க, என் குடும்பத்து ஆண்கள் திராட்சைத் தோட்டத்தின் கார் நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்து நின்று குடித்தார்கள். முதலில் பேச்சுக் கேட்கவில்லை. பிறகு அத்தானின் குரல் நன்றாகக் கேட்டது.

"நீயெல்லோ முதல் மேசைக்குக் கீழை போனனி!"

"நானோ? நான் குனியேக்குள்ள உன்ர மண்டை அங்கை நிண்டது!"

"நான் பத்தொன்பது வயசு மட்டும் அங்கை கிடந்தனான்ரா. எனக்குப் பயம் வரும். ஒன்பது வயசில ஓடி வந்தவனுக்கு என்ன பயம்? சும்மா நடிப்பு!"

"ஒன்பது வயசில நான் ஆரைத் தூக்கிக்கொண்டு ஓடினனான் எண்டு உனக்குத் தெரியுமோ? என்ர தங்கச்சியை, உன்ர மனிசியைத்தான்ரா!"

நாங்கள் போய்ச் சேருவதற்குள் அண்ணாவின் கைமுட்டி அத்தானின் தாடையில் இறங்கிவிட்டது. அத்தான் அவனுடைய கழுத்தைப் பிடித்துக் காரோடு சாத்தினார். புருவத்துப் பழைய காயம் திறந்து கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. அதைத் துடைக்கவும் அவர் கையை எடுக்கவில்லை. அண்ணாவின் முகம் நீலமாகிக்கொண்டு வந்தது. விழாமலிருக்க அவன் ஒரு கையால் டிக்கியின் விளிம்பைப் பிடித்திருந்தான். நான் அத்தானின் சட்டையை இழுத்தேன். தையல் கிழிந்தது, மனுஷர் அசையவில்லை.

அக்கா ஒன்றும் கத்தவில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் வந்து, இரண்டு கையாலும் டிக்கி மூடியைப் பிடித்து, தன் முழுப் பாரத்தோடும் கீழே அறைந்தாள்.

அண்ணா போட்ட சத்தத்தில் கொடிகளிலிருந்து குருவிகள் எழுந்து பறந்தன. அத்தான் கழுத்தை விட்டுவிட்டார். மூடியைத் திறந்தபோது அண்ணாவின் விரல்கள் இருக்கவேண்டிய திசையில் இல்லை.

"என்னடி செய்தனி!" என்றார் அத்தான். "அவன்ர கையடி!"

"கண்டுதான் அடிச்சனான்" என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. "விரல் எண்டு தெரியும். ஆரின்ர விரல் எண்டு மட்டும் பாக்கேல்லை."

நான் ஓட்டினேன். பின் சீட்டில் அத்தான் தன் சட்டையைக் கழற்றி அண்ணாவின் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய புருவத்து ரத்தமும் அதே சட்டையில் சொட்டியது. ஆஸ்பத்திரியில் தாதி எப்படி நடந்தது என்று கேட்டாள். அண்ணா யோசிக்கவே இல்லை. தானே கவனமில்லாமல் சாத்திக்கொண்டதாகச் சொன்னான். இரண்டு விரல் முறிவு. அத்தானின் புருவத்துக்கு மறுபடி தையல். அவர் படியில் விழுந்ததாகச் சொன்னார். தாதி நால்வரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் எல்லோருக்கும் பயங்கரப் பசி. ஒரு சிப்ஸ் கடையில் உட்கார்ந்தோம். அண்ணா இடது கையால் வினிகர் பாக்கெட்டோடு மல்லுக்கட்டினான். அத்தான் அதைப் பறித்துப் பல்லால் கிழித்து அவனுடைய தட்டில் எறிந்தார்.

"தின்னு, நாயே."

"போடா" என்றான் அண்ணா, தின்றான்.

அது சமாதானம் இல்லை. அக்காவும் ஏமாறவில்லை. கையைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "வாற ஞாயிறு மத்தியானம் ரெண்டு பேரும் அம்மான்ர மேசையில இருந்து சாப்பிட வேணும். எழும்பிப் போகக் கூடாது, காரடிக்குப் போகக் கூடாது. ஏலாதெண்டா பிள்ளை பிறந்த பிறகு நான் ஒருத்தற்றை வீட்டையும் வரேல்லை. தனியப் பாப்பன்."

"விசர்க்கதை கதையாதை" என்றார் அத்தான். அக்கா அவரைப் பார்த்தாள். அவர் டிக்கியை நினைத்திருக்க வேண்டும், ஒரு சிப்ஸை எடுத்து வாயில் போட்டார்.

ஆகவே ஞாயிறு. அம்மா இன்னும் நம்பவில்லை, ஆனால் பரணைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கார் வேண்டாம், ரயிலில் வாருங்கள் என்று அத்தானுக்குச் சொல்லிவிட்டேன். வெம்பிளிக் கடையில் நண்டு சொல்லி வைத்திருக்கிறேன். நல்ல உறைப்பாக ஒரு குழம்பு வைத்து, அதோடு அந்தச் சுண்ணாம்பு மண்ணின் வைனைக் குளிரக் குளிர ஊற்றிப் பார்க்கப் போகிறேன். தேங்காய்ப்பாலை அந்தப் புளிப்பு வெட்டும் என்று என் கணக்கு. நண்டு சாப்பிட இரண்டு கை வேண்டும், அண்ணாவிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் பக்கத்தில் இருப்பவர்தான் அவனுக்கு ஓட்டை உடைத்துக் கொடுக்கவேண்டி வரும். அந்தக் கதிரையில் அத்தானை இருத்துகிறேன். உடைப்பதற்குச் சுத்தியலை மேசையில் வைப்பதா, நானே கையில் வைத்திருப்பதா என்பதைத்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.