தலையணை வைத்த ஆறு

எங்கள் ஆற்றுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்குப் பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியும். களக்காட்டில் யாரும் பச்சையாறு என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆற்றுக்குப் போகிறோம், ஆற்றில் தண்ணீர் வருகிறது, அவ்வளவுதான். உலகத்தில் ஆறு என்றால் அது ஒன்றுதான் என்கிற மாதிரிப் பேசுகிறவர்கள் நாங்கள். அந்தத் திமிர் எனக்கு இன்னமும் போகவில்லை.

போவானேன்? மேலே சோலைக்காட்டின் ஈரமண்ணில் நாலைந்து இடத்தில் கசிந்து, கருங்குரங்குகள் கத்துகிற பள்ளங்களில் ஒன்றுசேர்ந்து, பாறைக்குப் பாறை குதித்து வருகிற ஆறு அது. அடிவாரத்தில் ஒரு கல்லணை மேல் வழிந்து இறங்கும். அதுதான் அதன் முதல் அணை, அதனால் தலையணை என்று பெயர். சித்திரை வெயிலிலும் அங்கே இறங்கினால் பல் தந்தியடிக்கும்.

அந்தப் பெயரை வைத்துத்தான் வம்பு. அப்பாவின் அக்கா, என் அத்தை, பாளையங்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா ஆரம்பித்துவிடுவார். “இவ ஊரு ஆறு தலையணையோடதான் கிளம்பும். பாதி வழியில படுத்துரும், நம்ம தாமிரபரணி வரைக்கும் வராது.” வந்தவர்கள் சிரிப்பார்கள். அத்தையும் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும். கோடை விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். அத்தை மகன், என்னைவிட இரண்டு வயது மூத்த அத்தான், பள்ளிக்கூடத்துக்காகப் பெரிய சார்ட்டில் தாமிரபரணியை வரைந்துகொண்டிருந்தான். சேர்வலாறு இருந்தது, மணிமுத்தாறு இருந்தது, கடனாநதி, சிற்றாறு எல்லாம் நீலக் கோடாக வந்து சேர்ந்தன. எங்கள் ஆறு மட்டும் இல்லை.

“எங்க ஆறு எங்க?”

“ஏட்டி, அது ஆறா? ஓடை. இந்த வெயிலுக்கு ஒரு சொட்டுத் தண்ணி வந்து சேருமா?”

“சேரும்!”

“சேர்ந்தா வரையுதேன். இல்லன்னா ‘பச்சையாறு ஒரு ஓடை’ன்னு நீ உன் நோட்டுல நூறு தடவ எழுதணும்.”

அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடுப்படியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார்கள். “நாளைக்குப் போயே பாத்துருவோம்” என்றார்கள்.

மறுநாள் காலையில் டவுன் பஸ் பிடித்து மூவரும் தருவைக்குப் போய் இறங்கினோம். அதன் பக்கத்தில்தான் பச்சையாறு தாமிரபரணியில் கலக்கிறது. பெரிய ஆறு முழங்கால் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஆறு வரவேண்டிய இடத்தில் மணல்தான் கிடந்தது. மணலில் ஆட்டுப் புழுக்கை வேறு.

அத்தானுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “தலையணைய வச்சுப் படுத்துட்டு பாரு! எழுப்பாத, பாவம்!”

எனக்கு வந்ததே ஆத்திரம். பெரிய ஆற்றின் ஓரத்திலிருந்து பத்தடி தள்ளி, எங்கள் ஆற்று மணலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் குழி பறித்தேன். நகத்துக்குள் மணல் ஏறி எரிந்தது. முழங்கை ஆழம் போனதும் மணல் ஈரமானது. இன்னும் கொஞ்சம் தோண்ட, குழியின் அடியில் பையப் பையத் தண்ணீர் ஊறியது.

“வந்துட்டு! எங்க ஆறு அடியில வருது!” என்று நான் கத்தினேன்.

அத்தான் குழியைப் பார்த்தான், பக்கத்தில் ஓடிய பெரிய ஆற்றைப் பார்த்தான். “எம்மா, இது அந்த ஆத்துத் தண்ணிதானே...” என்று ஆரம்பித்தான்.

“சும்மா இருலே” என்றார்கள் அத்தை. சேலையைச் சுருட்டிக்கொண்டு மணலில் முட்டுக்குத்தி உட்கார்ந்து, கலங்கல் தெளியக் காத்திருந்து, ஒரு கை அள்ளிக் குடித்தார்கள். “நம்ம ஆத்துத் தண்ணிதான். இந்த ருசி எனக்குத் தெரியாதா?”

இன்னொரு கை அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டார்கள். பிறகு மேற்கே மலையைப் பார்த்தபடி நின்றார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

அன்று சாயங்காலம் அத்தான் பச்சையாற்றை வரைந்தான். நான் பக்கத்திலேயே நின்று, கோடு மெலிசாக இருக்கிறது என்று இரண்டு தடவை தடிக்க வைத்தேன். மாமா வந்து சார்ட்டைப் பார்த்துவிட்டு, “இது யாரு வரையச் சொன்னா?” என்று கேட்டார். “நான்தான்” என்றார்கள் அத்தை. அன்றைக்கு அவர்கள் அடுப்படிக்குப் போகவில்லை.

அந்தக் குழியில் ஊறியது தாமிரபரணித் தண்ணீர்தான் என்பது காலேஜுக்குப் போன பிறகு எனக்கே விளங்கியது. பத்தடி தள்ளி ஓடுகிற ஆறு மணலுக்குள் கசியாமல் எங்கே போகும்? பூகோளம் நடத்துகிற அத்தைக்கு இது தெரியாதா? பிள்ளைகளின் விடைத்தாளில் அரை மார்க்குக்கூட விட்டுக்கொடுக்காத அத்தை, தெரிந்தே ஒரு தப்பு விடையைச் சரி என்று போட்டார்கள். அது எனக்காக என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.