ஊரில் நான் சொன்ன ஹோட்டல்

எண்பதுகளில் அமெரிக்காவின் கொலம்பஸ் நகருக்கு வெளியே நானும் மனைவியும் ஒரு சின்ன விடுதி நடத்தினோம். திண்டிவனத்தில் அதைப் பெரிய ஹோட்டல் என்று சொல்லிவைத்திருந்தேன்.

நான் மட்டும் ஊருக்கு வந்திருந்தபோது, மச்சினன் சேகர் வாத்தியார் வேலையை விட்டு என்னோடு கிளம்புவதற்காக ராஜினாமா கடிதத்தோடு வந்து நின்றான். மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"வேலைக்கு ஆளே இல்லடா. பெட்ஷீட்டக்கூட நாங்கதான் தொவைக்கிறோம். எந்நேரமும் ஒருத்தர் கவுண்டர்ல குந்திக்கினே இருக்கணும். உங்க அக்கா வாசலத் தாண்டுறதே இல்ல."

கேலி செய்வான் என்று பயந்தேன். அவன் கண் கலங்கிவிட்டது.

"நான் வந்து குந்திக்கினா அக்கா ஊருக்கு வருமா மாமா?"

அவனை நான் அழைத்துப்போகவில்லை. திரும்பியதும் முதல் வேலையாக அவளை ஊருக்கு அனுப்பினேன். அந்த ஒரு மாதம் கவுண்டரில் தனியாக அடைந்து கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது: ஊருக்குப் போகிறாயா என்று ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அவளிடம் நான் கேட்டதில்லை.