முழங்காலில் ஐம்பத்து மூன்று மணி

எங்கள் எஸ்டேட் மாதா கோயிலில் ஞாயிறு தமிழ்ப் பூசையை நிறுத்தியவர் ஆலயக் குழுத் தலைவர். "பதினோரு பேருக்காக ஃபாதர் கோலா பிலா டவுன்லேர்ந்து வரணுமா அங்கிள்? டவுன்ல இங்கிலீஷ் பூசைக்கு வாங்கலா" என்றார். பதினான்கு பேர் என்று நான் எண்ணிச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

போன மாதம் அவருடைய தாயார் இறந்துபோனார். அந்தப் பதினான்கு பேரில் அந்த அம்மாளும் ஒருவர். துக்க வீட்டில் தமிழில் செபமாலை சொல்ல இந்தப் பக்கத்தில் மிஞ்சியிருப்பவன் நான்தான். தலைவரே காரில் வந்து கூப்பிட்டார். உடனே கிளம்பினேன்.

சவப்பெட்டிக்கு முன்னால் எல்லாரையும் முழந்தாளிடச் சொன்னேன். செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் நிதானமாகச் சொன்னேன். மூன்றாவது பத்து மணியில் தலைவர் என் காதோரம் குனிந்து, "சுருக்கமா முடிச்சிடலாம் அங்கிள், முட்டி வலிக்குது" என்றார்.

"அம்மாவுக்காகத்தானே சொல்றோம் தம்பி" என்று சொல்லி, நீளமான மாதா மன்றாட்டு மாலையையும் சேர்த்துக்கொண்டேன்.

முடிந்ததும் சுவரைப் பிடித்து எழுந்தவர், "முப்பதாம் நாள் பூசையைத் தமிழ்ல வைக்கணும். ஃபாதர்கிட்ட நீங்க பேசுங்க" என்றார்.

"எல்லா ஞாயிறும் தமிழ்ல வைக்கிறதா இருந்தா பேசுறேன். இல்லேன்னா நாளைக்குச் செபமாலைக்கு வேற ஆளப் பாருங்க" என்றேன், எல்லார் காதிலும் விழும்படி.

தாயின் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு அவர் "சரி" என்றார். அதைக் கேட்டவர்கள் இருபத்திரண்டு பேர்.