ஓரங்குலக் கம்பி

போன வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ஆஸ்பத்திரி வார்டு ஊழியர் முத்தையா வில்லாபுரத்தில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலேயே சொன்னார்: "அண்ணே, நம்ம ஞானதுரை டாக்டர் போயிட்டாரு." துக்க வீட்டில் இரண்டு பேர் என் காதுபடப் பேசிக்கொண்டார்கள்: "கெட்டிக்காரருதான். ஆனா அந்தச் சமயநல்லூர்ப் பிள்ளைய டேபிள்லயே விட்டுட்டாரே." அதற்காகவே இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் படிக்க வேண்டும்.

அவருடைய ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் படம் கழுவ வந்தவன் நான். சான்றிதழ் கிடையாது, பார்த்துப் பார்த்துக் கற்றேன். வயிற்றைக் கிழிக்காமல், தொடையில் ஊசி குத்தி, இரத்தக் குழாய் வழியே மெல்லிய டியூபை ஓட்டி, கட்டிக்குப் போகும் இரத்தத்தை அடைக்கும் வைத்தியத்தை அவர் தொடங்கினார். டியூபின் நுனியைக் கெட்டில் ஆவியில் காட்டி வளைத்துக் கொடுப்பது என் வேலை. படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். "சர்டிபிகேட்டா வளைக்குது? கைதானய்யா வளைக்குது" என்றார் டாக்டர்.

சமயநல்லூர்ப் பெண்பிள்ளைக்கு ஒன்றரை வயது. ஈரலில் அபூர்வமான இரத்தக் குழாய்க் கட்டி. அதற்கு இரத்தம் இறைத்தே இதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. முன்பே எடுத்த படத்தில் குழாயை ஸ்கேலால் அளந்து, அதற்கேற்ப டியூபை வளைத்தேன்.

"அளவு சரிதானய்யா? இன்னொரு வாட்டி பாரு."

"பாத்தாச்சு சார். நூலளவு பிசகாது."

படத்தில் எல்லாம் நிஜத்தைவிடப் பெரிதாக விழும்; அதை நான் கழிக்கவில்லை. பெரியவர்கள் உடம்பு அந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. அந்தச் சின்ன உடம்பு பொறுக்கவில்லை. வளைவு ஈரல் குழாயில் நுழையவே இல்லை. வெளியே எடுத்து, மறுபடி வளைத்துக் கொடுப்பதற்குள் இதயம் நின்றுவிட்டது.

"எம்புட்டு நம்பி வந்தோம்" என்றார் தகப்பன்.

"தப்பு என் மேலதான்யா" என்றார் டாக்டர். வாயைத் திறந்த என் தோளை அழுத்தினார். பிறகு தனியே சண்டை போட்டேன்.

"என் தப்ப நான் சொமக்க மாட்டேனா சார்?"

"உள்ள விட்டது என் கை. நான் இருக்கிறவரைக்கும் நீ வாயத் திறக்கக் கூடாது. போய் வேற வழி யோசி."

ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. யோசித்தேன். சரியாக ஓரங்குலக் கம்பி வெட்டி, அதே கட்டியோடு வந்த அடுத்த பிள்ளையின் விலாவை ஒட்டிப் பிளாஸ்திரி போட்டுப் படம் எடுத்தோம். படத்தில் கம்பி எவ்வளவு வளர்ந்ததோ அந்த விகிதத்தில் அளவைக் குறைத்தேன்.

"இப்பக் கேக்குறேன். அளவு சரிதானா?"

"இன்னொரு வாட்டி பாத்துர்றேன் சார்."

டியூப் முதல் தடவையிலேயே நுழைந்தது. அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அவர் என்னை மறைத்துக் காத்ததை நான் இன்றும் ஏற்றுக்கொள்ளவில்லை. நேற்று சமயநல்லூர் போய், அளந்தவன் நான் என்று அந்தத் தகப்பனிடம் சொன்னேன். என்னை அடிப்பார் என்று நின்றேன். "டாக்டரு சாவுக்கு நான் வரலையேய்யா" என்றார்.

அந்தக் கம்பி என்னிடம்தான் இருக்கிறது.